ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்று: டோனர் தேடுவது முதல் நூறாம் நாள் தாண்டும் வரை வீட்டார் செய்ய வேண்டியவை

“போன் மேரோ மாத்தணும்” என்று டாக்டர் சொன்னதும், பெரும்பாலான வீடுகளில் ஏதோ பெரிய ஆபரேஷன் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நோயாளியின் உடலில் கத்தி படுவதே இல்லை. ரத்தம் ஏற்றுவதுபோல ஒரு பையிலிருந்து ஸ்டெம் செல்கள், அதாவது எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் தாய்ச் செல்கள், உள்ளே இறங்கும். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த நாளை ‘ஜீரோ நாள்’ என்பார்கள். நூறாம் நாள் என்பதும் இதிலிருந்து எண்ணுவதுதான். ஆனால் பலன் அன்றைக்கு முடிவாவதில்லை. அதற்கு முன்னால் யாரை டோனராகத் தேர்ந்தெடுத்தோம், அதற்குப் பின்னால் மாத்திரையை எப்படிக் கொடுத்தோம், காய்ச்சல் வந்த இரவில் எத்தனை நிமிடத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம் என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. இதில் பாதி வேலை வீட்டாருடையது. சென்னையில் வசிக்கும் குடும்பங்களுக்காகவும், வெளியூரிலிருந்து சிகிச்சைக்காக இங்கே வந்து தங்குபவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம். உங்கள் ஆஸ்பத்திரியின் மாற்றுச் சிகிச்சை யூனிட் ஏதாவது ஒன்றை வேறு மாதிரிச் சொன்னால், அவர்கள் சொன்னதையே செய்யுங்கள். நோயாளியின் ஃபைல் அவர்களிடம்தான் இருக்கிறது.

முதலில், எந்த வகை மாற்று?

சொந்தச் செல்லையே எடுத்து வைத்துத் திருப்பிக் கொடுப்பது ஒரு வகை. மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுக்கும், திரும்பி வந்த லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக்கும் இதுதான் அதிகம். உண்மையில் இது மிக அதிக அளவு கீமோ கொடுப்பதற்கான வழி. மைலோமாவில் உடல்பரப்பு சதுர மீட்டருக்கு 200 மி.கி. மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து கொடுப்பார்கள். அந்த அளவில் மஜ்ஜை வெகுநாள் படுத்துவிடும். முன்பே சேகரித்து வைத்த செல்களைத் திருப்பி ஏற்றினால் சுமார் இரண்டு வாரத்தில் கவுண்ட், அதாவது ரத்த அணு எண்ணிக்கை, எழுந்துவிடும். ஒரு எச்சரிக்கை: மைலோமாவுக்குத் தரும் லெனலிடோமைடு மாத்திரையைப் பல மாதம் சாப்பிட்ட பிறகு செல் சேகரித்தால் போதுமான அளவு கிடைக்காமல் போகலாம். அதனால் முதல் நான்கு முதல் ஆறு சுழற்சி கீமோ முடியும்போதே “செல் எப்போது எடுப்பீர்கள்?” என்று நீங்களாகக் கேட்டுவிடுங்கள்.

இன்னொருவருடைய செல்லை வாங்குவது இரண்டாவது வகை. ஏ.எம்.எல்., ஏ.எல்.எல். என்ற தீவிர ரத்தப் புற்றுகள், எம்.டி.எஸ். என்ற மஜ்ஜைக் கோளாறு போன்றவற்றுக்கு இது. இங்கே கீமோ பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியை, புதிதாக வந்த டோனரின் எதிர்ப்புச் செல்கள் செய்கின்றன. மிச்சமிருக்கும் புற்றுச் செல்லை அவை அந்நியமாகப் பார்த்து அழிக்கும். 1990-இல் ஜெர்மனியின் கோல்ப் குழுவினர், மாற்றுக்குப் பிறகு சி.எம்.எல். என்ற நாட்பட்ட ரத்தப் புற்று திரும்பி வந்த நோயாளிகளுக்கு டோனரின் வெள்ளணுக்களை மட்டும் ஏற்றி, நோயை மறுபடி அடக்கிக் காட்டினார்கள். இந்தச் சிகிச்சையின் மையமான உண்மை அதில் இருக்கிறது. அதே செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலையும் அந்நியமாகப் பார்த்துத் தாக்கக்கூடும். அதற்கு ஜி.வி.எச்.டி. என்று பெயர். புற்றைத் தாக்கட்டும், உடலைத் தாக்க வேண்டாம் என்ற அந்தச் சமநிலையைத் தேடித்தான் இத்தனை மாத்திரையும் இத்தனை பரிசோதனையும்.

டோனர் தேடல்

எச்.எல்.ஏ. டைப்பிங் என்ற பரிசோதனையிலிருந்து தொடங்கும். எச்.எல்.ஏ. என்பது செல்களின் மேல் இருக்கும் அடையாளக் குறி. நம்முடையதா அந்நியமா என்று எதிர்ப்புச் செல்கள் அதைப் பார்த்துத்தான் பிரிக்கும். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்தோ, சில மி.லி. ரத்தம் எடுத்தோ பார்ப்பார்கள். ஏ, பி, சி, டி.ஆர்.பி.1, டி.க்யூ.பி.1 என்ற ஐந்து இடங்களில் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என மொத்தம் பத்து. பத்தும் பொருந்தினால் ‘10/10’. ‘ஹை ரெசல்யூஷன்’ என்ற நுணுக்கமான டைப்பிங்காகவே எடுக்கச் சொல்லுங்கள். செலவைக் குறைக்க மேலோட்டமான டைப்பிங் செய்தால், பிறகு அதையே மறுபடி செய்ய வேண்டிவரும், இரண்டு வாரம் போகும். டோனர் முடிவானதும் இரண்டாவது தடவை தனியாக மாதிரி எடுத்து உறுதிசெய்வார்கள். குழாய் மாறிப்போன பிழை ஏதாவது இருந்தால் அப்போது பிடிபடும் என்பதற்காகத்தான். வீண் செலவு என்று தள்ளாதீர்கள்.

ஒரு அண்ணன் அல்லது தங்கை முழுதாகப் பொருந்த வாய்ப்பு 25 சதவீதம். உடன்பிறந்தவர்கள் இருவர் இருந்தால், இருவரில் ஒருவராவது பொருந்த 44 சதவீதம். மூவர் இருந்தால் 58. வீட்டுக்கு ஒன்று இரண்டு பிள்ளைகள் என்றாகிவிட்ட காலத்தில் இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை. ஆனால் நம் ஊரில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: நோயாளியின் அப்பா அம்மா சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா? தாய்மாமன், அத்தை மகன் என்று கட்டியிருந்தால், இருவருக்கும் ஒரே எச்.எல்.ஏ. தொகுதி பொதுவாக இருக்கக்கூடும். அப்போது பெற்றவரோ, பெரியப்பா, சித்தி, அவர்கள் பிள்ளைகளோ முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு மற்ற குடும்பங்களைவிடக் கூடுதல். இதைக் கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். குடும்பத்தின் வம்சாவளியை ஒரு தாளில் வரைந்து கொண்டுபோய்க் கொடுங்கள். யாரை முதலில் டைப் செய்வது என்று டாக்டர் முடிவெடுக்க அது நேரடியாக உதவும்.

வீட்டில் கிடைக்கவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரி, அதாவது செல் தர முன்வந்தவர்களின் பதிவகம். 2009-இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி பதிவகம் உலகப் பதிவகங்களோடு இணைந்தது. உலகெங்கும் நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதிந்திருக்கிறார்கள். ஆனால் எச்.எல்.ஏ. வம்சத்தோடு போவது. ஒரு தமிழ் நோயாளிக்கு இன்னொரு தமிழரிடமோ, பக்கத்து மாநிலத்தவரிடமோதான் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பதிந்த இந்தியர்கள் குறைவு என்பதுதான் இடைஞ்சல். தேடலை நோயாளியின் டாக்டர் மூலமாகத்தான் தொடங்க முடியும். பொருந்தியவர் கிடைத்தாலும் சம்மதம், உடல் பரிசோதனை, செல் சேகரிப்பு என்று வாரங்கள் ஓடும். நோய் அடங்கியிருக்கும் காலத்துக்குள் இதெல்லாம் முடிய வேண்டும். ஆகவே ரெஜிஸ்ட்ரியையும் பாதிப் பொருத்தம் உள்ள உறவினரையும் ஒரே சமயத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

பாதிப் பொருத்தம் என்பது இன்று இரண்டாந்தர வழி அல்ல. பெற்றவர், பிள்ளை, உடன்பிறந்தவர் என்று யாராவது ஒருவர் அநேகமாக எல்லோருக்கும் கிடைப்பார். முன்பு இதில் ஜி.வி.எச்.டி. தாங்க முடியாத அளவு வரும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் கண்ட வழி இதை மாற்றியது: செல் ஏற்றிய மூன்றாம், நான்காம் நாளில் உடல் எடை கிலோவுக்கு 50 மி.கி. வீதம் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்து. நோயாளியின் உடலைக் கண்டு ஆவேசமாகப் பெருகத் தொடங்கும் டோனர் செல்கள்தான் அந்த நேரத்தில் வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும். மருந்து அவற்றை அழிக்கிறது. அமைதியாக இருக்கும் ஸ்டெம் செல்கள் அந்த மருந்தைச் செரித்துக்கொள்ளும் நொதியை நிறைய வைத்திருப்பதால் தப்பிவிடுகின்றன. இந்தக் கண்டுபிடிப்புதான் சின்னக் குடும்பங்களுக்கும் வழி திறந்தது.

பாதிப் பொருத்தத்தில் மறக்கக்கூடாத பரிசோதனை ஒன்று: டி.எஸ்.ஏ. நோயாளியின் ரத்தத்தில் அந்த டோனருக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பது. பல தடவை ரத்தம் ஏற்றியவர்களுக்கும், பிள்ளை பெற்ற பெண்களுக்கும் இது இருக்கலாம். கர்ப்ப காலத்தில் கணவரின் எச்.எல்.ஏ.வுக்கு எதிராக அம்மாவின் உடல் ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கலாம். அதே எச்.எல்.ஏ. மகனிடமும் மகளிடமும் இருக்கும். அதனால் அம்மாவுக்குப் பிள்ளை டோனர் என்றால் டி.எஸ்.ஏ. பார்க்காமல் நகரவே கூடாது. அளவு அதிகமாக இருந்தும் கவனிக்காமல் போனால் ஏற்றிய செல் பிடிக்காது.

ரத்த குரூப் ஒன்றாக இருக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. ஆணா பெண்ணா என்பதும் தடையில்லை. பொருத்தம் சமமாக இருந்தால் வயது குறைந்த டோனரையே விரும்புவார்கள்.

டோனருக்கு என்ன நடக்கும்

மஜ்ஜை என்றதும் முதுகுத் தண்டில் ஊசி குத்துவார்கள், நடக்க முடியாமல் போய்விடும் என்ற பயம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பெரியவர்கள்தான் இதைச் சொல்லி டோனரைத் தடுக்கிறார்கள். அவர்களையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இன்று பெரும்பாலும் கை நரம்பிலிருந்தே செல் எடுக்கிறார்கள். கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம் ஸ்டெம் செல்லை ரத்தத்துக்கு வர வைக்கும் ஜி.சி.எஸ்.எஃப். ஊசியைத் தினமும் தோலுக்கடியில் போட்டு, ஐந்தாம் நாள் வாக்கில் ஒரு இயந்திரத்தோடு இணைப்பார்கள். நான்கைந்து மணி நேரம் ஆகும். ஊசி போடும் நாட்களில் இடுப்பு, முதுகு எலும்பில் வலி இருக்கும், பாராசிட்டமால் போதும். இயந்திரத்தில் இருக்கும்போது உதடு, விரல் நுனி மரமரத்தால் உடனே சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது. கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். இடது விலாவுக்குக் கீழே கூர்மையான வலி வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. மண்ணீரல் வீங்கியிருக்கலாம், அரிதுதான், ஆனால் அவசரம்.

குறைந்தபட்சம் நோயாளியின் எடை கிலோவுக்கு 20 லட்சம் சி.டி.34 செல்கள் (ஸ்டெம் செல்லை எண்ணப் பயன்படும் அடையாளம்) வேண்டும். 50 லட்சம் வரை எடுக்கப் பார்ப்பார்கள். முதல் நாளில் போதவில்லையென்றால் மறுநாளும் வரச் சொல்வார்கள், ஆகவே டோனர் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளட்டும். மஜ்ஜையாகவே எடுப்பதாக இருந்தால் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து எடுப்பார்கள். அங்கே தண்டுவடம் இல்லை.

ரத்தம் சம்பந்தமாக ஒன்று. டோனராகக்கூடிய உறவினர்கள், குறிப்பாக உடன்பிறந்தவர்களும் பெற்றவர்களும், நோயாளிக்கு நேரடியாக ரத்தம் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகி, பிறகு ஸ்டெம் செல் பிடிப்பதைக் கெடுக்கும். ரத்த வங்கியில் மாற்று ரத்தம் கேட்டால் அவர்கள் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பை இந்த நோயாளிக்கு வரக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். நோயாளிக்கு ஏற்றும் ரத்தமும் பிளேட்லெட்டும் கதிரியக்கம் செலுத்தப்பட்டதாகவும், வெள்ளணு வடிகட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும். பையில் லேபிள் ஒட்டியிருக்கும். பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

அட்மிஷனுக்கு முன்

எஸ்.டி.பி. என்ற ஒற்றை டோனர் பிளேட்லெட் பலமுறை தேவைப்படும். வாட்ஸ்அப்பில் கடைசி நிமிடத்தில் கெஞ்சுவதைவிட, குரூப் பொருந்திய 10, 12 பேரின் பட்டியலை முன்பே தயார் செய்வது மேல். நண்பர்கள், அலுவலகத்தார், கல்லூரிப் பிள்ளைகள் என்று சேருங்கள். ஒருவர் 48 மணி நேர இடைவெளியில், வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு தடவை கொடுக்கலாம். மூன்று நாட்களுக்குள் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. கை நரம்பு மெலிதாக இருந்தால் நிராகரிப்பார்கள். அதனால் ஓய்வான ஒரு நாளில் எல்லோரையும் வரவழைத்து நரம்பும் ரத்தமும் பார்த்துவிடுங்கள்.

பல் டாக்டரைப் பாருங்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டுமென்றால் கீமோவுக்கு இரண்டு வாரம் முன்பே முடிய வேண்டும். பழைய டி.பி., ஹெபடைட்டிஸ் பி இருந்ததை மறைக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தி விழும்போது இரண்டும் எழுந்து வரும். தெரிந்தால் மாத்திரையால் தடுக்க முடியும். கல்யாணமாகாத பிள்ளைகள், இன்னும் குழந்தை பெறாதவர்கள் விஷயத்தில் பேசக் கூச்சப்படும் ஒன்று: இந்த அளவு கீமோ குழந்தை பெறும் திறனைப் பெரும்பாலும் எடுத்துவிடும். ஆண்கள் விந்தணுவை உறைய வைக்க ஒரு நாள் போதும். பெண்களுக்குக் கருமுட்டை எடுக்க 10 முதல் 14 நாள் தேவை. டாக்டர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

பணம் பற்றி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் முன் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆஸ்பத்திரிக்குள் அதற்கென்று தனி மேசை இருக்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று, டாக்டரின் மதிப்பீட்டுக் கடிதம் நான்கையும் பத்துப் பிரதி எடுத்து வையுங்கள். பிரதமர் நிவாரண நிதிக்கும் அதே தாள்கள்தான் பெரும்பாலும். கணக்குப் போடும்போது வார்டு பேக்கேஜை மட்டும் போடாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகான பூஞ்சை மருந்து, சி.எம்.வி. என்ற வைரஸுக்கான பரிசோதனை, மறுபடி அட்மிஷன் ஆகியவைதான் பல குடும்பங்களை நடுவழியில் நிறுத்துகின்றன.

வார்டுக்குள்

இங்கே நர்ஸ்களின் ராஜ்யம். கூட இருக்கும் அட்டெண்டருக்கு மூன்று வேலைகள்தான்.

வாய். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து, நாளைக்கு நாலு முதல் ஆறு தடவை கொப்பளிக்க வையுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். மெல்ஃபலான் ஏறும் அன்று, மருந்து தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே ஐஸ் கட்டியை வாயில் வைத்திருக்க வேண்டும். மருந்து முடிந்து அரை மணி வரையாவது தொடரட்டும். குளிரில் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, அங்கே மருந்து குறைவாகச் சேரும். காசே ஆகாத இந்த முறை வாய்ப்புண்ணை வெகுவாகக் குறைப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஐஸ், ஆஸ்பத்திரி கொடுத்ததாக இருக்கட்டும்.

லைன். மார்பிலோ கையிலோ போட்டிருக்கும் அந்தக் குழாய்க்குள் மருந்து தள்ளிய கொஞ்ச நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால், லைனில் கிருமி இருக்கலாம், உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். “ஏசி குளிர்” என்று போர்வை போர்த்திவிட்டு இருந்துவிடாதீர்கள்.

குளியல். தினமும், கட்டாயம், லைன் நனையாமல்.

உறைய வைத்த செல் ஏற்றும்போது அறையில் பூண்டு போல ஒரு வாடை அடிக்கும். பாதுகாப்புக்குச் சேர்த்த டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தின் வாடை அது, ஒன்றிரண்டு நாளில் போய்விடும். பாதிப் பொருத்த மாற்றில் முதல் மூன்று நாட்களில் கடும் காய்ச்சல் வருவது சகஜம். சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன பிறகு பெரும்பாலும் தணியும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 500-ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நின்றால் ‘பிடித்துவிட்டது’ என்பார்கள்.

வீட்டைத் தயார் செய்வது

டிஸ்சார்ஜுக்கு முன்னால் வீடு தயாராக இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் அல்ல. முதல் நூறு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அரை மணிப் பயணத்துக்குள் தங்குங்கள். தாம்பரத்திலோ ஆவடியிலோ சொந்த வீடு இருந்தாலும், தேனாம்பேட்டை, அடையாறு பக்கம் சிகிச்சை என்றால் மாலை ஆறு மணி நெரிசலில் எத்தனை நேரம் ஆகும் என்று ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன் சுவரைப் பாருங்கள். ஐப்பசி மழையில் ஓதம் ஏறிய சுவர், மேல்தளத்துக் கசிவு, கறுப்புப் புள்ளி பூத்த குளியலறை இருந்தால் வேண்டாம். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அங்கேதான் குடியிருக்கும். எதிர்ப்புச் சக்தியில்லாத நுரையீரலில் அது இறங்கினால் உயிருக்கே ஆபத்து. மெட்ரோ ரயிலுக்குத் தோண்டும் சாலையும், பக்கத்து மனையில் இடிக்கும் பழைய கட்டடமும் அதே பூஞ்சையைத் தூசியாகக் கிளப்பும். அப்படிப்பட்ட இடத்தைக் கடக்கும்போது என்-95 மாஸ்க், காரின் ஜன்னல் மூடி இருக்க வேண்டும். ஏசியை நோயாளி வருவதற்கு முன்பே சர்வீஸ் செய்து, பிறகு இரண்டு வாரத்துக்கொரு முறை ஃபில்டரைக் கழுவுங்கள், நோயாளி வேறு அறையில் இருக்கும்போது. பால்கனிப் புறாக்களுக்கு வலை அடியுங்கள், எச்சத்தை நோயாளி பெருக்கக் கூடாது. தொட்டிச் செடி, பூங்கொத்து, மீன் தொட்டி எல்லாம் வெளியே. கொசுவலை கட்டாயம். பிளேட்லெட் குறைந்திருக்கும் உடம்பில் டெங்கு வந்தால் தாங்காது.

பார்க்க வருபவர்கள்தான் கஷ்டமான பகுதி. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்காமல் இருப்பது நம்மிடையே மரியாதைக் குறைவு. அதனால் நோயாளியைச் சொல்ல வைக்காதீர்கள். வீட்டில் ஒருவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டு, “நூறு நாள் கழிச்சு வாங்க, வீடியோவில் பேசலாம்” என்று சொல்லிவிடட்டும்.

இரண்டு விஷயங்களை எல்லா உறவினருக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஒன்று, அம்மை. அம்மை போட்ட வீட்டில் அதை வெளியே பேசாத வழக்கம் இன்னும் இருக்கிறது. சின்னம்மை கண்ட குழந்தையோடு நோயாளி ஒரே அறையில் இருந்தது தெரியவந்தால் அன்றைக்கே யூனிட்டுக்குப் போன் செய்யுங்கள். தடுப்பு மருந்தைச் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் வேலை செய்யும், கொப்புளம் வரும்வரை காத்திருந்தால் வாய்ப்பு போய்விடும். இரண்டு, போலியோ சொட்டு மருந்து. அதில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். குழந்தையின் மலத்தில் வாரக்கணக்கில் வெளிவரும். நோயாளி இருக்கும் வீட்டுக் குழந்தைக்குச் சொட்டுக்குப் பதில் ஊசியாகப் போட முடியுமா என்று குழந்தை டாக்டரிடம் கேளுங்கள். முகாம் நாளில் வீடு தேடி வருபவர்களிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள்.

சமையல்

முன்பு பச்சையாக எதையுமே தொடக்கூடாது என்ற கடும் பத்தியம் இருந்தது. இத்தாலியில் நடந்து 2023-இல் வெளியான ஒரு சோதனை, கவுண்ட் குறைந்த நாட்களில் கடும் பத்தியம் இருந்தவர்களுக்கும் சுத்தமான சாதாரண உணவு சாப்பிட்டவர்களுக்கும் தொற்றில் பெரிய வித்தியாசமில்லை என்று காட்டியது. இதை “எதுவும் சாப்பிடலாம்” என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே குழாய்த் தண்ணீரும் சமையலறையும் வேறு. இங்கே லாரித் தண்ணீர், கேன் தண்ணீர். நோயாளி பட்டினி கிடந்து எடை இழக்காமல் இருப்பது முக்கியம், உணவு சுத்தமாக இருப்பது அதைவிட முக்கியம்.

கேன் தண்ணீரானாலும் ஆர்.ஓ. ஆனாலும் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது ஆன பிறகு, மூடி ஆற வைத்துக் கொடுங்கள். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். சூடான இட்லி, இடியாப்பம், குழைந்த பொங்கல், நன்றாக வெந்த முட்டை எல்லாம் நல்லது. பழைய சோறு வேண்டாம். அரைத்த பச்சைத் தேங்காய்ச் சட்னி, கொத்தமல்லித் துவையல் வேண்டாம், வேண்டுமானால் வதக்கிக் கொதிக்க வையுங்கள். பலரும் தவறவிடுவது ஒன்று: மிளகுத்தூள், சீரகத்தூள், இட்லிப்பொடியைக் கடைசியில் தூவுவது. மசாலாத் தூள்களில் பூஞ்சை வித்து இருக்கும். கொதிக்கும்போதே போட்டுவிடுங்கள். ரசத்தில் கொத்தமல்லி கிள்ளிப் போடுவதும் இறக்கிய பிறகு அல்ல, பொங்கும்போது.

வாழைப்பழம், ஆரஞ்சு போன்ற தடித்தோல் பழங்களைக் கழுவி, வேறொருவர் உரித்துக் கொடுக்கலாம். பம்பளிமாஸ் மட்டும் கூடவே கூடாது. ஜி.வி.எச்.டி.யைத் தடுக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மருந்துகளை உடல் கழிக்கும் வழியை அது அடைத்து, ரத்தத்தில் மருந்தின் அளவை எகிற வைக்கும். இளநீர் உடம்புக்கு நல்லது என்று தினமும் கொடுத்துவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம். டாக்ரோலிமஸும், தொற்றைத் தடுக்கத் தரும் கோ-ட்ரைமாக்ஸசோலும் ஏற்கெனவே பொட்டாசியத்தை ஏற்றுபவை. ரிப்போர்ட் பார்த்துக் கேட்டுக் கொடுங்கள். பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு, நாட்டு லேகியம் எதுவும் இந்தக் காலத்தில் வேண்டாம். பச்சைச் சாற்றில் கிருமி இருக்கும், மற்றவை கல்லீரல் வழியாக மருந்தின் அளவைக் குலைக்கும். கல்லீரல் பரிசோதனையில் அளவுகள் ஏறும்போது அது ஜி.வி.எச்.டி.யா, லேகியமா என்று டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

மாத்திரையும் நோட்டும்

டாக்ரோலிமஸ் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ரத்தத்தில் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போக வேண்டும், ரத்தம் எடுத்த பிறகுதான் விழுங்க வேண்டும். மாத்திரையைக் கையில் எடுத்துப் போங்கள். போட்டுவிட்டுப் போனால் அளவு அதிகமாகக் காட்டும், டாக்டர் டோஸைக் குறைப்பார், பிறகு ஜி.வி.எச்.டி. தலைதூக்கலாம். ஒரு காலை வேளைத் தவறு இவ்வளவு தூரம் போகும். மெடிக்கலில் “இதே மருந்துதான், வேற கம்பெனி” என்று மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். பூஞ்சை மருந்தான வோரிகோனசோல், போசகோனசோல் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் டாக்ரோலிமஸ் டோஸ் மாற வேண்டும். வேறு டாக்டர் எழுதித் தந்தால் யூனிட்டுக்குச் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

ஒரு நோட்டில் காலை மாலை உடல் வெப்பம், எடை, குடித்த தண்ணீர், எத்தனை முறை வயிற்றுப்போக்கு, தோலில் என்ன மாற்றம் என்று தினமும் எழுதுங்கள். வயிற்றுப்போக்கை ‘நாலு தடவை’ என்று எழுதுவதோடு, அளவுக் குவளையில் பிடித்து மி.லி.யிலும் எழுதுங்கள். பெரியவர்களில் நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் என்பது குடல் ஜி.வி.எச்.டி.யின் முதல் படி. உள்ளங்கை, உள்ளங்கால், காதின் பின்புறம் சிவந்து எரிந்தால் தோலில் தொடங்குகிறது. வேர்க்குரு என்று பவுடர் போட்டு நாளைத் தள்ளாதீர்கள். வெயிலும் இதைத் தூண்டும். முழுக்கைச் சட்டை, குடை, சன்ஸ்கிரீன் இல்லாமல் பகலில் வெளியே வேண்டாம்.

காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம், விடியட்டும் என்பதெல்லாம் இங்கே செல்லாது. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியை நிறுத்தாது. எமர்ஜென்சியில் நுழைந்ததும் “ஸ்டெம் செல் மாற்று முடிந்த நோயாளி, இத்தனையாவது நாள், காய்ச்சல்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்த விதி. டிஸ்சார்ஜ் சம்மரி, மாற்றுத் துணி, யூனிட் போன் எண் அடங்கிய பை வாசலிலேயே இருக்கட்டும்.

ஆராய்ச்சி என்ற பெயரில் வருபவை

முப்பதாம் நாள் வாக்கிலும் நூறாம் நாள் வாக்கிலும் கைமெரிசம் என்ற பரிசோதனை செய்வார்கள். ரத்தத்தில் எத்தனை சதவீதம் டோனருடையது என்று சொல்லும். அளவு குறைந்துகொண்டே போனால் நோய் திரும்புகிறதோ என்று பார்க்க வேண்டும். மருந்தைக் குறைப்பது, டோனரின் வெள்ளணுவை ஏற்றுவது, நோயின் மரபணு மாற்றத்துக்கேற்ற மாத்திரை என்று வழிகள் உண்டு. பி-செல் ஏ.எல்.எல்., பி-செல் லிம்போமா திரும்பினால், நோயாளியின் எதிர்ப்புச் செல்லையே மாற்றியமைத்துப் புற்றைத் தாக்க வைக்கும் கார்-டி செல் சிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள். ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. எல்லா ரத்தப் புற்றுக்கும் அது பொருந்தாது.

ஆய்வில் சேரச் சொன்னால் பயப்படவும் வேண்டாம், உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவான எண்ணைக் கேளுங்கள். தமிழில் சம்மதப் படிவம் கேளுங்கள். ஆய்வில் இல்லாவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும், மருந்துச் செலவு யாருடையது, பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று மட்டுமே வழக்கமான சிகிச்சை. சர்க்கரை, ஆட்டிசம், மூட்டுத் தேய்மானம் என்று ‘ஸ்டெம் செல்’ விளம்பரம் செய்பவை அந்த வரம்பில் இல்லை. குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியாரிடம் பணம் கட்டிச் சேமித்தால் அதே குழந்தைக்கு லுகேமியா வரும்போது உதவும் என்பதும் சரியில்லை. நோய்க்கு வித்தான மாற்றம் அந்த ரத்தத்திலேயே இருக்கக்கூடும். வேறொருவரின் எதிர்ப்புச் செல் தரும் பலனும் அதில் கிடையாது.

நூறு நாள் தாண்டியபின்

வாய் வறட்சி, கண் உறுத்தல், தோல் இறுகுதல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல் ஆகியவை நாட்பட்ட ஜி.வி.எச்.டி.யின் முகங்கள். மெதுவாக வருவதால் வீட்டாருக்கே பழகிவிடும். மாதம் ஒருமுறை ஒரே மாடிப்படியை ஏறச் சொல்லி நேரம் குறித்து வையுங்கள். மூச்சு குறைந்தால் நுரையீரல் பரிசோதனை உடனே வேண்டும், ஏனென்றால் இழந்த நுரையீரல் திறன் பெரும்பாலும் திரும்பாது.

சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவு பழைய மஜ்ஜையோடு போய்விட்டிருக்கும். மூன்று முதல் ஆறு மாதத்தில் நிமோகாக்கஸில் தொடங்கி, ஒவ்வொன்றாக மறுபடி போட வேண்டும். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் இரண்டு வருடத்துக்குப் பிறகு, எதிர்ப்பை அடக்கும் மருந்து நின்று, ஜி.வி.எச்.டி. இல்லாதபோது மட்டும்.

ரத்த குரூப்பும் மாறியிருக்கலாம். ஓ பாசிட்டிவாக இருந்தவர் டோனரின் பி பாசிட்டிவாக ஆகியிருப்பார். ஆனால் லைசென்ஸிலும் பழைய ரிப்போர்ட்டிலும் பழைய குரூப்பே இருக்கும். ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இவற்றை எழுதி லேமினேட் செய்து நோயாளியின் பர்ஸிலும், ஓட்டிப்போகும் வண்டியின் பெட்டியிலும் ஒவ்வொன்று வையுங்கள்: மாற்று நடந்த தேதி, பழைய குரூப், புதிய குரூப், ‘கதிரியக்கம் செலுத்திய ரத்தம் மட்டும்’ என்ற வரி, யூனிட்டின் இருபத்து நாலு மணி நேர எண்.